கடலுக்குப் போன பாதாளக்கரண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கருவியைக் கடலின் அடித்தரையில் வைத்தது நான்தான். பிற்பாடு ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். முதலாளி தான் வைத்ததாகச் சொன்னார். அவருடைய மச்சான், தான் வைத்ததாகக் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும். சுவிட்சுப் பெட்டி யார் மடியில் இருந்தது என்று அன்றைக்குப் படகில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது முடிந்திருந்தது. சேக்காட்டில் வீடு. அப்பா ஒரு காலத்தில் அங்கேயே பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர். நிலமெல்லாம் மனையான பிறகு பாடியில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கினார். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை. கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும், இழுக்காவிட்டால் தொளதொளவென்று நிற்கும். அதற்குப் பெண்களைத்தான் எடுப்பார்கள். பொம்பளைகளுக்குப் பொறுமை ஜாஸ்தி என்பது முதலாளியின் எண்ணம். எனக்குப் பொறுமையெல்லாம் கிடையாது, கை மட்டும்தான் நிதானம். அது அவருக்குத் தெரியவர ரொம்ப நாள் ஆயிற்று.

ஒருநாள் கடல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். டாக்டர் சார், டாக்டர் சார் என்று எல்லோரும் கூப்பிட, அதை நான் வீட்டில் போய்ச் சொல்ல, அம்மா தன் முட்டிவலிக்கு ஒரு மாத்திரை கேட்டு வாங்கிவரச் சொன்னாள். “அவுரு கடலுக்குத்தான் வைத்தியம் பாப்பாரு, உனுக்கு இல்ல” என்றேன். நம்பவில்லை. மாத்திரை கேட்கக் கூச்சப்படுகிறேன் என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

அவருக்கு வேண்டியது இதுதான். பொங்கல் பானை அளவில் ஒரு இரும்புக் கருவி, அதற்கு மூன்று கால். கடலின் அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை, உள்ளே சுருளும் காகிதத்தில் அது கோடாகக் கிழித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலடியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மழைக்கு முன்னால் வைத்து, தை மாதம் எடுக்க வேண்டும். கயிற்றில் கட்டி இறக்கினால் சாய்ந்து விழுந்துவிடும். சாய்ந்தால் கோடெல்லாம் பொய். அதனால் தண்ணீருக்குள் போய் அதை நேராக நிறுத்திவிட்டு வர ஒரு வண்டி வேண்டும் என்றார். ஆள் ஏறாத வண்டி. மேலே படகில் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி.

முதலாளி “ஆகட்டும் சார்” என்றுவிட்டார். அவர் எதற்கும் ஆகட்டும்தான்.

செய்தோம். ஒரு இரும்புச் சட்டம், அதில் லாரிக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார்கள் மூன்று. ஒவ்வொன்றையும் பித்தளைக் கூட்டுக்குள் வைத்து, எண்ணெய் நிரப்பி, வாயில் ரப்பர் வளையம் பொருத்தி மூடிவிடுவது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சின்ன விசிறி. ஒரு விளக்கு, டாக்டர் கொண்டுவந்த ஒரு டிவி கேமரா, அடியில் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு கொக்கி. கூடுகளைக் கடைந்தவர் எங்கள் லேத் மேஸ்திரி. ஆவடியிலிருந்து வருகிற கிறிஸ்தவர், அதிகம் பேசமாட்டார். கம்பி சுற்றியது நான். கேபிளையும், மேலிருந்து வண்டியை ஓட்டுகிற சுவிட்சுப் பெட்டியையும் பூட்டியது முதலாளியின் மச்சான். அவர் பாலிடெக்னிக் படித்தவர். நன்றாகத்தான் பூட்டினார், அதில் குறை சொல்லமாட்டேன்.

சோதித்துப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே. எங்கள் தெருவுக்குப் பின்னால், மனை போட்டது போக மிச்சம் கிடந்த நிலத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. நான்தான் சொன்னேன். வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். முதல் நாள் டாக்டர் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் பெட்டியை என் கையில் கொடுத்தார். மச்சானுக்கு நீச்சல் தெரியாது, நாலடி தள்ளியே நின்றார். அன்றைக்கு என் கைக்கு வந்த பெட்டி பிறகு என் கையிலேயே இருந்தது.

வண்டியைப் பார்த்த தெருப் பெண்கள் அதற்குப் பாதாளக்கரண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கக் கயிற்றில் கட்டி விடுவோமே, கொத்துக் கொக்கி, அதேதான், இது கரண்டில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார்கள். டாக்டருக்கு முகம் சுருங்கியது. ஆனால் கேமராவோடு வந்த சின்ன டிவித் திரையில் கிணற்றின் அடித்தரை தெரிந்ததும் கூட்டம் முண்டியடித்தது. டிவி என்கிற பொருளையே எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. “அதோ பாரு என் வாளி”, “ஏய், அது என் சொம்பு” என்று ஆளுக்கு ஒன்றாக அடையாளம் சொன்னார்கள். எனக்கும் அதுதான் பாடமாயிற்று. தினமும் சாயங்காலம் ஒரு பாத்திரத்தை எடுப்பேன், மறுபடி இறக்கி நேராக நிற்க வைப்பேன். ஒருநாள் ஒரு பித்தளைக் குடம் மேலே வந்தது. அதைத் திருடிவிட்டதாகச் சொல்லி இரண்டு வீட்டார் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். குடத்தைப் பார்த்ததும் சமாதானமாகவில்லை, யார் கைதவறி விட்டது என்று புதிதாகச் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மாதங்களில் நான் நடந்த நடையே வேறு. கடலில் ஓட்டப் போகிறேன் என்று அம்பத்தூர் ஸ்டேஷனில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

படகுக்கு ஏற்பாடான அன்று முதலாளி கூப்பிட்டார். “கடல்ல மச்சான் ஓட்டட்டும்மா. நீ வேலைய நல்லா பண்ணிக்குடுத்துட்ட. போதும்” என்றார்.

“ஏன் சார்? கெணத்துல இத்தினி நாளா ஓட்னது நான்தான?”

“வயசுப் பொண்ண ஆம்பளைங்களோட படகுல ஏத்திகினு போனா நாலு பேரு இன்னா சொல்லுவான்? சராங்கும் ஏத்த மாட்டான்.” சராங்கு என்றால் படகின் தலைவர்.

டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஃபிளாஸ்க்கைப் பிடுங்கித் தெருவில் போட்டிருப்பேன். போடவில்லை, என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சுற்றிய கம்பி மூன்று தடவை அறுந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பூஜைக்கு முன்னால் முதலாளி வீட்டம்மா வந்து வேலை செய்கிற பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அது’ இருக்கிறதா என்று கேட்பார். எனக்கு அன்றைக்கு இருந்தது. பொய் சொல்லத் தெரியாதா என்ன, சொல்லவில்லை. “அப்பன்னா மூணு நாள் கழிச்சு வாம்மா” என்றார். மோட்டார்களை அப்போதுதான் துடைத்துக் கூட்டைத் திறந்து வைத்திருந்தேன். “நான் வந்து மூடறேன், யாரும் மூடாதீங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். மேஸ்திரி தலையாட்டினார்.

நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வானம் கறுக்கிறது, படகு நாளைக்கே கிடைக்கும் என்று சேதி வர, மச்சான் கூடுகளை மூடி, வண்டியை ஏற்றி, காசிமேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் பட்டறைக்கு வந்தபோது என் மேஜை காலியாக இருந்தது. சாயங்காலம் வேன் திரும்பியது. மச்சான் வெளுத்துப்போய் இறங்கினார், சட்டையெல்லாம் வாந்தி. வண்டி தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துவிட்டன. கருவியோடு சேர்த்துக் கயிற்றில் இழுத்துத் தூக்கியிருக்கிறார்கள்.

முதலாளி நேராக என்னிடம் வந்தார். “கம்பி சுத்தற லட்சணமா இது? டாக்டர் முன்னாடி மானம் போச்சு” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். “அந்த நேரத்துல தொட்டிருப்ப. அதான் இப்பிடி.”

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தெறங்க” என்றேன். “கூட்ட இப்பவே தெறங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

“இன்னாத்துக்கு?”

“என் கம்பி போச்சா, உங்க மூடி போச்சான்னு தெரியட்டும்.”

முதலாளி நகரவில்லை. மேஸ்திரிதான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். உள்ளே எண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்து மோர் போல வெளுத்து நின்றது. ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன். அது உட்காரும் பித்தளை விளிம்பில், பாதி கரைந்தும் பாதி அப்பிக்கொண்டும், காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமச் சிவப்பு. மற்ற இரண்டு கூட்டையும் திறந்தோம். அதிலும் அதே இடம், அதே பொட்டு. வளையம் படியாமல் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பூஜையன்று முதலாளி லேத்துக்கு, வைஸுக்கு, சுத்தியலுக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், திறந்து கிடந்த கூட்டுக்கும் பளபளவென்று இருந்த இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். பளபளவென்று இருந்தது அந்த விளிம்புதான். மூடும்போது மச்சான் துடைக்கவில்லை. யாருமே துடைக்கமாட்டார்கள். ஆயுத பூஜைப் பொட்டு தானாகத்தான் போக வேண்டும். பஸ்ஸிலும் லாரியிலும் மாசக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் காயில் மெஷினுக்கு வருஷா வருஷம் வைக்கிற பொட்டை நானும் துடைத்ததில்லை. சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொட்டு வைத்தவர் மேலும் இல்லை. என் மேல் போட்ட பழியின் மேல்தான் கோபம்.

“அந்த மூணு நாளும் நான் எங்க இருந்தேன் சார்?” என்று கேட்டேன். “ஊட்ல இருந்தேன். வராதன்னது யாரு? நீங்க. நான் வந்தா தீட்டு. சரி, வரல. இப்ப வராதவ தொட்டா கெட்டுப்போச்சா?”

ஒரு பெண் அதை வாய்விட்டுச் சொல்கிற காலமா அது? மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. முதலாளி வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். மேஸ்திரி கையைத் துடைத்தபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வெக்கும்போதே பாத்தேம்மா. நான் போயி தொடைங்கன்னா வேற மாதிரி ஆயிடும். வேதக்காரன் சொல்ட்டான்னு ஆயிடும். வாய மூடிகினு இருந்துட்டேன்.” அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கம்பியெல்லாம் கருகிவிட்டது. புதிதாகச் சுற்ற வேண்டும். பாடியில் சுற்றித் தருகிற கடைகள் இல்லாமல் இல்லை, என்னைவிட நன்றாகவே சுற்றுவார்கள், ஆனால் அங்கே ஏற்கெனவே வேலை குவிந்து கிடந்தது. மழை பிடித்துக்கொண்டால் தை வரை கடலில் இறங்க முடியாது, அந்த வருஷத்து வேலையே போய்விடும். மறுநாள் முதலாளி கம்பிச் சுருளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சுத்தறேன் சார். ஆனா கடல்ல நான்தான் ஓட்டுவேன்.”

“வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்.”

“தூக்குங்க.”

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டில் அம்மா கத்தினாள். “உனுக்கு இன்னா கொழுப்பு. கெடச்ச வேலைய எட்டி ஒதச்சிட்டு வந்து நிக்கிறியே. எவன் ஊட்லயாவது பொண்ணு படகு ஓட்டுதா?” என்றாள். “படகு இல்லம்மா, படகுக்குக் கீழ ஓடறது” என்றேன். அதற்கு இன்னும் கத்தினாள். அப்பா வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். “கெணத்துல ஓட்டச்சொல்லோ எவனும் பொம்பளன்னு பாக்கலியே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

மறுநாள் டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டார். “நீதான் ஓட்டணும்னு நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா” என்றார்.

“சொல்லியிருக்கணும் சார். சொல்லல” என்றேன்.

“இப்ப உங்க முதலாளிகிட்ட சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டார்.”

“அப்ப சுத்திடறேன்.”

அம்மா கதவோரத்தில் நின்று முட்டியைத் தடவியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை கேட்டுவிடப் போகிறாளே என்று எனக்குப் பயம்.

கம்பியைச் சுற்றினேன். கூட்டையும் நானே மூடினேன், விளிம்பை நாலு தடவை துணியால் துடைத்துவிட்டு. காசிமேட்டில் படகுக்கு முன்னால் சராங்கு கையை நீட்டி மறித்தார். நரைத்த மீசை, லுங்கி, வாயில் வெற்றிலை.

“இன்னாம்மா, எங்க ஏறுற? பொம்பள ஏறுனா வலையில மீனே உழாது.”

“இன்னிக்கி எவன் நைனா மீன் பிடிக்கப் போறான்? எங்களுக்கு மீனே வாணாம்” என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “ஏறு. ஆனா முன்பக்கம் அணியத்துல மட்டும் கால வெக்காத. அங்கதான் நாங்க சூடம் ஏத்தறது” என்றார். சரி என்றேன். எனக்கு வேண்டியது பின்பக்கம்தான், பேட்டரி அங்கேதான் இருந்தது.

கிணறு வேறு, கடல் வேறு. வண்டி இறங்க ஆரம்பித்ததும் அதைத் தெரிந்துகொண்டேன். கிணற்றுத் தண்ணீர் சும்மா நிற்கும். கடல் தள்ளும். சுவிட்சை விட்டால் வண்டி நிற்காமல் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. படகு ஆடியது, திரை ஆடியது. முதலாளியும் டாக்டரும் என் பின்னால் நிற்க, மச்சான் கேபிளைப் பிடித்திருந்தார். நான் இந்தப் பக்கம் வாந்தி எடுத்தேன், அவர் அந்தப் பக்கம் எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பெட்டியைப் பிடித்தேன். திரையில் வெறும் தூசி பறந்தது. பிறகு கோடு கோடாக மணல்.

முதல் தடவை இறக்கியபோது கருவியின் ஒரு கால் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. “வுட்டுடும்மா, போதும்” என்றார் முதலாளி. விடவில்லை. தூக்கினேன். “கேபிள் குடுங்க, இன்னும் குடுங்க, நிறுத்துங்க” என்று மச்சானைப் பார்த்து அதட்டினேன், அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அதற்குள் கைக்குப் பிடிபட்டிருந்தது. அதற்கு எதிராகக் கொஞ்சம் முன்னே தட்டி, தட்டி, வண்டியை ஒரே இடத்தில் மிதக்க விட்டு, சமமான மணலில் மெல்ல உட்கார வைத்தேன். மூன்று காலும் ஊன்றின. கொக்கி சுவிட்சைத் தட்டினேன். வண்டி மேலே எழும்ப, கருவி தனியாக, நேராக நின்றது திரையில் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரவாயில்லை, அவருடைய கை பக்கத்தில் இருந்தது. வேனில் திரும்பும்போது முதலாளி எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மழை வந்தது, ஓய்ந்தது. தை பிறந்தது. கருவியை எடுக்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் முதலாளி என் மேஜைக்கு வந்து நின்றார். குரலெல்லாம் தேனாக இருந்தது.

“எடுக்கறது சுலபந்தாம்மா. கொக்கிய மாட்டித் தூக்கறது. இந்த வாட்டி மச்சான் பாத்துக்கட்டும். அவனுக்கும் ஒரு பேரு வரணுமில்ல. நீ இங்க வேலையப் பாரு.”

எனக்குச் சண்டை போட்டுப் போட்டு ஒவ்வொரு தடவையும் இவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று இருந்தது. வைத்தது எந்த மணல், பக்கத்தில் எந்தப் பாறை, ஓட்டம் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்திருப்பது எனக்கு. இனிமேல் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்து, பஸ் மாறி, காசிமேட்டுக்குப் போய்விட்டேன். சராங்கு ஒன்றுமே கேட்கவில்லை, கையை நீட்டி ஏற்றிவிட்டார். பின்பக்கம் பேட்டரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறியபோது வேன் வந்தது. முதலாளி இறங்கினார், என்னைப் பார்த்தார், அப்படியே நின்றார்.

“உன்ன யாரு வரச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். நானாத்தான் வந்தேன்.”

வண்டியை மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிப் படகில் வைத்தார்கள். சுவிட்சுப் பெட்டி மச்சானின் கையில் இருந்தது. அவர் முதலாளியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். டாக்டர் இந்தத் தடவை ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருக்கவில்லை. பெட்டியை மச்சானிடமிருந்து வாங்கி, படகில் ஏறி, என் மடியில் வைத்தார். அவருக்குப் பின்னால் மச்சானும் ஏறி, கேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“என்ஜினப் போடு நைனா” என்றேன்.

சராங்கு முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. என்ஜினைப் போட்டார். படகு அதிர ஆரம்பித்தது. முதலாளி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல், கரையில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏறுறதுன்னா ஏறுங்க சார்” என்றேன். “காத்து மாறிடும்.”

ஏறினார்.